விரலா, சூப்பானா? கைக்குழந்தை விரல் சூப்பும்போது சிங்கப்பூர்ப் பெற்றோர் முன் உள்ள வழிகள்

குழந்தை பிறந்து இரண்டு மூன்று மாதங்களில் விரல் வாய்க்குள் போகத் தொடங்கியதும், சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் பெரும்பாலும் ஒரே வாரத்தில் நான்கு யோசனைகள் வந்து சேர்கின்றன. பாட்டி கையுறை மாட்டச் சொல்வார். ஊரிலிருந்து பேறுகாலத்திற்கு உதவ வந்திருக்கும் பெரியம்மா வேப்பெண்ணெய் தடவச் சொல்வார். அலுவலகத் தோழி எந்தச் சூப்பான் (பேசிஃபையர்) நல்லது என்று கைப்பேசியில் படம் அனுப்புவார். பலதுறை மருந்தகத் தாதியோ, பசிக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். இவற்றுள் எதை ஏற்பது, எதை மரியாதையோடு தள்ளிவைப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். பிறந்ததிலிருந்து ஏறத்தாழ ஓராண்டு வரையுள்ள குழந்தையைப் பற்றியே இங்குப் பேசுகிறேன். பள்ளி செல்லும் வயதில் விரல் சூப்புவது வேறு கணக்கு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது வாசிப்பவருக்கு வசதி. முதல் ஆறு மாதங்களில் பகல் நேரத்தில் விரலை அதன் போக்கில் விட்டுவிடலாம். தூங்கவைக்கும்போது மட்டும், தாய்ப்பால் நன்றாக ஊன்றிய பிறகு, சூப்பான் கொடுத்துப் பார்க்கலாம். குழந்தை துப்பிவிட்டால் வற்புறுத்த வேண்டியதில்லை. கையுறையும் கசப்பும் கைக்குழந்தைக்கு ஏற்றவையாக எனக்குத் தோன்றவில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை ஏறாத குழந்தை, அடிக்கடி காதில் சீழ் பிடிக்கும் குழந்தை ஆகியோருக்கு இந்த முடிவு மாறும். எப்படி மாறும் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

பசியா, பழக்கமா

சூப்புவது குழந்தை வெளியே வந்து கற்றுக்கொண்ட கெட்ட பழக்கம் என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். கருவிலிருக்கும் குழந்தை கட்டைவிரலை வாயில் வைத்திருப்பதை நான்காம் மாத ஸ்கேன் படங்களிலேயே காண முடிகிறது. சூப்புதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இசைந்து நடக்கும் திறன் கருவின் 34ஆம் வாரத்தை ஒட்டித்தான் கைகூடுகிறது என்பதால், அதற்கு முன்பு பிறந்த குழந்தைகளுக்குப் பெரும்பாலும் குழாய் வழியாகப் பால் கொடுக்க நேர்கிறது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தையோ கன்னத்தில் விரல் பட்டாலே அந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறக்கும். பால் குடிப்பதற்காக அமைந்த இந்த ஆற்றல், பால் இல்லாத நேரத்திலும் குழந்தையை அமைதிப்படுத்துகிறது. இதயத் துடிப்பு சீராகிறது, அழுகை தணிகிறது. இரண்டு மாதத்திலும் நான்கு மாதத்திலும் தடுப்பூசி போடும்போது எதையாவது சூப்பிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு வலி குறைவாகத் தெரிவதும் இதனால்தான்.

ஆனால் முதல் சில வாரங்களில் கை வாய்க்குப் போவது பசியின் முதல் அறிகுறியாகவும் இருக்கும். அழுகை அதன் கடைசி அறிகுறி. புதிதாகப் பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை வரை பால் தேவைப்படுகிறது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளுக்கு ஆறு அரைக்கச்சையாவது நன்றாக நனைய வேண்டும். பிறந்த எடையை இரண்டு வாரத்திற்குள் மீட்டுவிட வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும், விரலா சூப்பானா என்ற கேள்வியே எழக்கூடாது. அப்போது செய்ய வேண்டியது பால் கொடுப்பதும், குழந்தையின் சுகாதாரக் கையேட்டை எடுத்துக்கொண்டு மருந்தகத்திற்குப் போவதும்தான். பசியோடிருக்கும் குழந்தைக்குச் சூப்பான் கொடுத்தால் அழுகை நிற்கும், எடை ஏறாது. விரல் சூப்பும் குழந்தையை, சமர்த்தாக இருக்கிறது என்று விட்டுவைத்தாலும் அதே விளைவுதான்.

மூன்று மாதத்திற்குப் பிறகு நிலைமை மாறுகிறது. அப்போதுதான் குழந்தை தன் கையைத் தானே கண்டுபிடிக்கிறது; முகத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறது, முஷ்டி முழுவதையும் வாய்க்குள் திணிக்கிறது. இதைப் பல் முளைப்பதற்கான அறிகுறி என்று பலரும் சொல்வதுண்டு. முதல் பல் பொதுவாக ஆறு மாத அளவில்தான் வருகிறது என்பதால், மூன்று மாதக் குழந்தையின் எச்சிலுக்கும் விரல் சூப்புதலுக்கும் பல்லைக் காரணம் காட்டுவது பெரும்பாலும் பொருந்தாது. வாய்தான் அந்த வயதில் உலகைத் தெரிந்துகொள்ளும் வாசல். கை அந்த வாசலுக்கு வரும் முதல் விருந்தாளி.

விரலை விட்டுவிடுவது

இந்த வழியின் பெரிய வலிமை, அது குழந்தையின் கையிலேயே இருப்பது. நள்ளிரவில் விழித்த குழந்தை, யாரையும் எழுப்பாமல் விரலைத் தேடிக்கொண்டு மறுபடி உறங்கிவிடும். விரல் கீழே விழாது, தொலையாது, பெருவிரைவு ரயிலின் தரையில் உருண்டு ஓடாது. தாய்ப்பால் குடிப்பதைக் குலைப்பதும் அரிது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் ஒரே அறையில் பெற்றோரும் குழந்தையும் உறங்க, அடுத்த அறையில் காலை வேலைக்குப் போக வேண்டிய மாமனார் உறங்க, இந்த அமைதிக்கு எவ்வளவு மதிப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

சுத்தத்தைப் பற்றிய அச்சம்தான் பெரியவர்களிடம் அதிகம். அதில் பாதி நியாயம் இருக்கிறது. கை, கால், வாய்ப்புண் நோய் சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் காணப்படும் ஒன்று. எச்சில், மலம், கொப்புள நீர், அவை பட்ட பொம்மைகள் ஆகியவற்றின் வழியே அது பரவுகிறது. ஆனால் நான்கு மாதக் குழந்தையின் கை எங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள். அது தவழவில்லை, தரையைத் தொடுவதில்லை. அதன் கைக்குக் கிருமி வருவது நம் கையிலிருந்தும், அக்கா அண்ணன் பாலர் பள்ளியிலிருந்து கொண்டுவரும் பொருள்களிலிருந்தும்தான். ஆகவே கழுவ வேண்டிய கை முதலில் பெரியவர்களுடையது, அதுவும் சோப்பும் தண்ணீரும் கொண்டு. இந்நோயின் கிருமிகளிடம் மதுசாரம் கலந்த கைத்தூய்மி அவ்வளவாகப் பலிப்பதில்லை. குழந்தையின் கையை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் நாளுக்குச் சில முறை துடைத்தாலே போதும். தவழத் தொடங்கிய பிறகு கணக்கு மாறும். அப்போது விரல் சூப்பாத குழந்தையும் கையில் கிடைத்த எல்லாவற்றையும் வாயில் வைக்கத்தான் போகிறது.

இதன் மறுபக்கத்தைக் காட்டும் ஆய்வு ஒன்றுண்டு. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972, 1973 ஆண்டுகளில் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தவர்கள், ஐந்து வயதுக்கும் பதினொரு வயதுக்கும் இடையே விரல் சூப்பிய அல்லது நகம் கடித்த பிள்ளைகளிடம் ஒவ்வாமை நாட்டம் குறைவாக இருந்ததாக 2016இல் தெரிவித்தார்கள். பதின்மூன்று வயதில் செய்த தோல் பரிசோதனையில் அப்பழக்கம் இல்லாதவர்களில் 49 விழுக்காட்டினரும், இருந்தவர்களில் 38 விழுக்காட்டினரும் ஒவ்வாமை நாட்டம் காட்டினார்கள். இதை வைத்துக்கொண்டு விரல் சூப்புவது நல்லது என்று கொண்டாடுவதற்கில்லை. அதே ஆய்வில் ஆஸ்துமாவிலும் தூசிக் காய்ச்சலிலும் வேறுபாடு தென்படவில்லை. ஆராயப்பட்டவர்களும் கைக்குழந்தைகள் அல்லர். கையிலிருக்கும் சிறிதளவு அழுக்கைக் கண்டு நடுங்க வேண்டாம் என்ற அளவுக்கு மட்டும் அதை எடுத்துக்கொள்கிறேன்.

விரலின் குறை பின்னால்தான் தெரியும்: அதை எடுத்து அலமாரியில் வைக்க முடியாது. சூப்பான் பழக்கத்தைவிட விரல் பழக்கம் நீண்ட காலம் நீடிக்கிறது என்பது பல் மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் காணும் ஒன்று. தோலைப் பொறுத்தவரை, இந்த ஊரின் வெக்கையில் எப்போதும் ஈரமாக இருக்கும் விரலில் வெடிப்பும், நகத்தைச் சுற்றிப் புண்ணும் வரலாம். ஏற்கெனவே கரப்பான் (எக்ஸிமா) உள்ள குழந்தைக்கு இது கூடுதல் தொல்லை. எச்சில் வழிந்து முகவாயிலும் கழுத்து மடிப்பிலும் சிவந்துபோவதற்கு, துடைத்து உலரவிட்டு, மருத்துவர் சொன்ன களிம்பைப் பூசுவது உதவும்.

சூப்பான்

பேசிஃபையர் என்று கடைகளில் விற்கப்படும் இந்தச் சூப்பானைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான அறிவுரைகளைப் பெற்றோர் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தாய்ப்பாலை ஊக்குவிப்பதற்காக உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989இல் வகுத்த பத்துப் படிகளில் ஒன்பதாவது படி, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குச் செயற்கைக் காம்போ சூப்பானோ கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னது. 2018இல் அதைத் திருத்தியபோது, புட்டி, காம்பு, சூப்பான் ஆகியவற்றின் பயன்பாட்டையும் அபாயங்களையும் தாய்மாருக்கு எடுத்துரைக்க வேண்டும் என்று மாற்றினார்கள். எனவே பத்தாண்டுகளுக்கு முன் பிள்ளை பெற்ற அக்கா கேட்ட அறிவுரையும் இன்று தங்கை கேட்பதும் வேறுவேறாக இருந்தால், இருவரில் ஒருவர் தவறாகச் சொல்கிறார் என்று பொருளில்லை. நிறைமாதத்தில் பிறந்த, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளைப் பற்றி 2016இல் வெளிவந்த, பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பும், தாய்ப்பால் கொடுப்பதில் உறுதியாக உள்ள தாய்மாரின் குழந்தைகளுக்குச் சூப்பான் கொடுத்தாலும் நான்கு மாதம் வரை தாய்ப்பால் கொடுப்பது குறையவில்லை என்றே கண்டது. உறுதியாக உள்ள என்ற அந்த அடைமொழியை விட்டுவிடக் கூடாது; பால் போதவில்லையோ என்று ஏற்கெனவே தடுமாறும் தாய்க்கு, ஒவ்வொரு முறை சூப்பான் கொடுப்பதும் ஒரு முறை பால் கொடுக்காமல் விடுவதாக முடியலாம்.

சூப்பானுக்குச் சாதகமான வலுவான வாதம் தூக்கத்தைப் பற்றியது. நலமாக இருந்த கைக்குழந்தை உறக்கத்தில் காரணம் தெரியாமல் திடீரென இறந்துபோகும் துயரம் அரிதானது என்றாலும், அதன் அபாயத்தைக் குறைப்பவற்றுள் சூப்பானும் ஒன்று என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022இல் புதுப்பித்த பாதுகாப்பான உறக்க வழிகாட்டியில், பகல் தூக்கத்திற்கும் இரவுத் தூக்கத்திற்கும் சூப்பான் கொடுத்துப் பார்க்கலாம் என்று பரிந்துரைக்கிறது. உறங்கிய பிறகு அது வாயிலிருந்து விழுந்துவிட்டாலும் பாதுகாப்பு தொடர்கிறது. திரும்ப எழுப்பி வாயில் வைக்க வேண்டாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு, பால் நன்றாக ஊன்றிய பிறகே தொடங்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. நடைமுறையில் இது பலருக்கு மூன்று நான்கு வாரங்கள் ஆகும். விரல் சூப்புவதற்கும் இதே பாதுகாப்பு உண்டா என்றால், அப்படிச் சொல்லப் போதிய சான்று இல்லை. தூக்கம் என்ற ஒரு விஷயத்தில் மட்டும் சூப்பான் விரலை வெல்கிறது என்று நான் கருதுவதற்கு இதுவே அடிப்படை. ஆனால் இந்த வெற்றி, குழந்தையை மல்லாக்கப் படுக்கவைப்பது, தலையணையும் போர்வையும் பொம்மையும் இல்லாத உறுதியான மெத்தை, வீட்டில் யாரும் புகைக்காதது ஆகியவற்றுக்கு அடுத்த இடத்தில்தான் நிற்கிறது. அவற்றைச் செய்யாமல் சூப்பானை மட்டும் வாங்கிவைப்பதில் பயனில்லை.

குறைமாதக் குழந்தையின் விஷயத்தில் சூப்பான் மருத்துவக் கருவியாகவே ஆகிவிடுகிறது. குழாயில் பால் பெறும் குழந்தைக்கு அந்த நேரத்தில் சூப்பான் கொடுத்தால், அது வாயால் குடிக்கும் நிலைக்கு விரைவில் வருகிறது, மருத்துவமனையில் தங்கும் நாள்களும் குறைகின்றன. சிறப்புப் பராமரிப்புப் பிரிவில் தாதி சூப்பான் கொடுத்ததைப் பார்த்து, தாய்ப்பாலுக்கு எதிராக ஏதோ நடக்கிறது என்று கலங்க வேண்டாம்.

எதிர்ப்பக்கத்தில் காது இருக்கிறது. ஓயாமல் சூப்பான் வைத்திருக்கும் குழந்தைகளுக்கு நடுக்காதில் தொற்று அதிகம் வருகிறது. ஃபின்லாந்தில் குழந்தை நல மருந்தகங்களில் நடந்து 2000இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்திற்குப் பிறகு உறங்கப்போகும் நேரத்திற்கு மட்டும் சூப்பானைச் சுருக்குமாறு பெற்றோருக்கு அறிவுறுத்தியதால், அந்தக் குழந்தைகளிடம் காதுத் தொற்று 29 விழுக்காடு குறைந்தது. மருத்துவச் செலவு ஏதுமில்லை, ஊசி மருந்து ஏதுமில்லை; பகலில் சூப்பானை எடுத்துவைத்தார்கள், அவ்வளவுதான். ஆறு மாதம் என்ற எல்லையை நான் இக்கட்டுரையில் வலியுறுத்துவதற்கு இந்த ஆய்வே முதன்மையான காரணம்.

வாங்கும்போது சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒரே துண்டாக வார்க்கப்பட்டதாக இருக்க வேண்டும். உதட்டின்மேல் படியும் தட்டு குழந்தையின் வாயைவிட அகலமாக, காற்றுத் துளைகளுடன் இருக்க வேண்டும். வயதுக்கேற்ற அளவு வேண்டும். ஆறு மாதம் வரை கொதிநீரிலோ நீராவியிலோ கிருமிநீக்கம் செய்வது நல்லது. காம்பு ஒட்டும் பதத்துக்கு வந்தாலும் விரிசல் விட்டாலும் எறிந்துவிட வேண்டும். சட்டையில் மாட்டும் நாடா விழித்திருக்கும்போது மட்டுமே. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுவதும், நாடாவோடு தொட்டிலிலோ ஏணையிலோ படுக்கவைப்பதும் உயிருக்கே ஆபத்து. கீழே விழுந்த சூப்பானைத் தன் வாயில் வைத்துச் சுத்தம் செய்து கொடுக்கும் வழக்கம் நம் தாத்தா பாட்டிகளிடம் உண்டு. பற்சிதைவை உண்டாக்கும் கிருமிகள் அந்த எச்சில் வழியாகவும் குழந்தைக்குப் போகக்கூடும் என்பதால், பையில் இன்னொரு சூப்பான் வைத்திருப்பது நல்லது. பால்புட்டியின் காம்பில் பஞ்சை அடைத்துச் சூப்பக் கொடுப்பது சில வீடுகளில் நடக்கிறது. காம்பு பிரிந்து தொண்டையில் சிக்கும் என்பதால் அதை ஒருபோதும் செய்யக் கூடாது.

சூப்பானைத் தேனில் தொட்டுக் கொடுப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பிறந்த குழந்தையின் நாவில் சேனை வைக்கும் வழக்கம் நம்மிடம் பழையது, அதன் தொடர்ச்சியாகவே இதையும் பலர் காண்கிறார்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில், தேனில் இருக்கக்கூடிய ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்க முடியும். 2018இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், தேன் நிரப்பிய சூப்பானைப் பயன்படுத்திய நான்கு குழந்தைகள் இப்படித்தான் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சடங்குக்கு ஒரு துளி என்றாலும் தேன் வேண்டாம். சீனித் தண்ணீரும் சூப்பானில் வேண்டாம்.

மார்பும் புட்டியும்

மூன்றாவது வழி ஒன்றுண்டு. அதைப் பலரும் வழியாகவே எண்ணுவதில்லை. பால் குடித்து முடித்த பிறகும் குழந்தை மார்பிலேயே சூப்பிக்கொண்டு கிடப்பதுதான் அது. முதல் வாரங்களில் இதுவே சிறந்தது; பால் சுரப்பையும் இது கூட்டுகிறது. இரவு முழுவதும் தொடரும்போதுதான், உறக்கம் கெட்ட தாய் நாற்காலியிலோ சோஃபாவிலோ குழந்தையோடு கண்ணயர்ந்துவிடும் அபாயம் எழுகிறது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குப் புட்டியையே சூப்பானாக்கி, படுக்கையில் சாய்த்துவைத்துவிட்டுப் போவதைப் பற்றி இரண்டு கருத்து இருக்க முடியாது. புரையேறும், காதுக்குள் பால் போகும், பல் முளைத்த பிறகு முன்பற்கள் அரித்துப்போகும்.

கையுறையும் கட்டும்

கையுறை மாட்டும் வழக்கம் முகத்தைக் கீறாமலிருக்க வந்தது, பிறகு விரல் சூப்பாமலிருக்கும் உபாயமாகவும் ஆகிவிட்டது. இதில் நம் பாட்டிகள் தனியாக இல்லை. 1914இல் அமெரிக்க அரசின் குழந்தைகள் நலத்துறை வெளியிட்ட வளர்ப்புக் கையேடே, விரல் சூப்பும் கையின்மேல் சட்டைக் கையை இழுத்து ஊசி குத்தியோ தைத்தோ பல நாள் வைக்கச் சொன்னது. பின்வந்த பதிப்புகளில்தான் அந்தக் கண்டிப்பு தளர்ந்தது.

கையுறையால் குழந்தை இழப்பது தொடுஉணர்வை. மூன்று மாதத்தில் விரல்களைப் பிரித்து, பிடித்து, விட்டுப் பழக வேண்டிய கை ஒரு பைக்குள் கிடக்கிறது. பசியைக் கை காட்டும் வழியும் அடைபடுகிறது. மேலும் சூப்பும் குழந்தை கையுறையையும் சூப்பத்தான் செய்யும். ஈரத்துணி மணிக்கணக்கில் தோலில் ஒட்டிக் கிடக்கும். உள்ளே பிரிந்திருக்கும் நூலிழையோ தாயின் தலைமுடியோ விரலைச் சுற்றி இறுகி, இரத்தவோட்டத்தை நிறுத்திவிடுவதும் நடக்கக்கூடியதே. காரணமின்றி ஓயாமல் அழும் குழந்தையின் விரல்களையும் கால்விரல்களையும் விரித்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதற்காகத்தான். நகத்தை வாரம் ஒருமுறை, குழந்தை உறங்கும்போது, வெட்டிவிட்டால் கையுறைக்குத் தேவையே இருக்காது.

சிங்கப்பூரில் இன்னொரு விஷயமும் சேர்கிறது. இங்குப் பிறக்கும் குழந்தைகளுக்கு 1965 முதல் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பரம்பரையாகக் குறைந்திருப்பது) இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். அக்குறைபாடுள்ள குழந்தைக்கு அந்துருண்டை ஆகாது. அதன் ஆவியும் துகளும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள்காமாலையைக் கொண்டுவரும். மூத்த பிள்ளையின் பழைய கையுறையையும் சட்டையையும் அந்துருண்டை போட்ட பெட்டியிலிருந்து எடுத்து, வாயில் வைத்துச் சூப்பும் குழந்தைக்கு மாட்டுவது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. துவைத்துப் போட்டாலும் போதாது, அத்தகைய துணியை ஒதுக்கிவிடுவதே சரி.

துணியில் கையோடு சேர்த்துச் சுற்றிவைப்பதைப் பொறுத்தவரை ஒரே விதிதான்: குழந்தை புரளும் அறிகுறி காட்டிய அன்றே அதை நிறுத்திவிட வேண்டும். கை கட்டுண்ட நிலையில் குப்புறப் புரண்டால் தலையைத் தூக்க முடியாது. விரல் சூப்புதல் பெருகும் மூன்று நான்கு மாதப் பருவமும் புரளத் தொடங்கும் பருவமும் ஒன்றாகவே வருவதால், விரலைத் தடுக்கத் துணி சுற்றுவது மிக மோசமான நேரத்தில் செய்யும் காரியமாகிவிடுகிறது.

கசப்பு

வேப்பெண்ணெய், பாகற்காய்ச் சாறு, வசம்பு, மிளகாய்த் தூள், கடையில் விற்கும் கசப்புப் பூச்சு என்று இதில் பல வகை உண்டு. ஓராண்டு ஆகாத குழந்தைக்கு, விரலை வாயில் வைத்ததால்தான் கசந்தது என்ற தொடர்பு விளங்காது. அது அறிவதெல்லாம், தன்னை அமைதிப்படுத்திய ஒன்று திடீரெனத் துன்பம் தந்தது என்பதை மட்டுமே. அதே விரலைக் கண்ணில் தேய்க்கும்போது மிளகாய் என்ன செய்யும் என்பதை எந்தச் சமையலறையிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வேப்பெண்ணெயைப் பற்றி நம் சமூகம் கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் அதன் நச்சுத்தன்மையைப் பற்றிய முக்கியமான மருத்துவப் பதிவுகள் பக்கத்து நாட்டிலிருந்து வந்தவை. 1980களின் தொடக்கத்தில் மலேசிய மருத்துவர்கள், சளி போன்ற சிறு உபாதைகளுக்காக வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகளுக்குச் சில மணி நேரத்தில் வாந்தி, மயக்கம், வேகமான மூச்சு, வலிப்பு ஆகியவை வந்ததையும், மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டதையும் பதிவு செய்தார்கள். அங்கே புகட்டியது கரண்டி அளவு. விரலில் தடவுவது துளி அளவு என்பது உண்மைதான். ஆனால் அந்தத் துளியை நாளுக்குப் பத்து முறை சப்பும் ஐந்து கிலோ எடைக் குழந்தைக்கு எவ்வளவு பாதுகாப்பானது என்று வீட்டில் யாரும் அளந்து சொல்ல முடியாது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் எளிதில் கிடைக்கிறது, தாவரத்திலிருந்து வருகிறது என்பதெல்லாம் அதைக் குழந்தையின் வாய்க்கு உகந்ததாக்கிவிடாது.

வசம்பு இன்னும் மென்மையான இடம். பிள்ளை வளர்ப்பான் என்றே அதற்குப் பெயர். கையில் வளையலாகக் கோத்துக் கட்டுவது பல வீடுகளில் பேர் சூட்டும் நாளோடு தொடங்குகிறது. அதிலுள்ள அசரோன் என்ற வேதிப்பொருள் காரணமாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1968இலேயே அதை உணவில் சேர்ப்பதைத் தடை செய்துவிட்டது. அது ஒருபுறம் இருக்க, விரல் சூப்பும் குழந்தையின் மணிக்கட்டில் கட்டப்பட்ட வசம்புத் துண்டும் கருமணியும் விரலோடு சேர்ந்தே வாய்க்குப் போகின்றன. நூல் இற்றுப்போனால் மணி தொண்டைக்குள் இறங்கும். பெரியவர்களின் மனம் நோகாமலிருக்க, அந்த வளையலைத் தொட்டிலுக்கு எட்டாத உயரத்தில் சாமிப் படத்தருகே வைத்துவிடலாம் என்பது என் யோசனை. எனக்குத் தெரிந்த வீடுகளில் பாட்டிகள் இதை மறுத்ததில்லை.

எந்த வீட்டுக்கு எது

தாய்ப்பால் மட்டுமே குடித்து, எடை சீராக ஏறி, கரப்பான் ஏதுமில்லாத குழந்தை தானே விரலைக் கண்டுபிடித்துவிட்டது என்றால், பகலில் விட்டுவிடுவதே எளிய வழி. உறக்கத்திற்கு ஒரு மாதம் கழித்துச் சூப்பான் காட்டிப் பார்க்கலாம். விரலையே விரும்பும் குழந்தை பெரும்பாலும் அதைத் தள்ளிவிடும். அதோடு விட்டுவிடலாம். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குச் சூப்பானைத் தொடக்கத்திலிருந்தே கொடுப்பதில் தயக்கம் தேவையில்லை, ஏனெனில் தாய்ப்பால் ஊன்றுவதற்காகக் காத்திருக்கும் காரணம் அங்கு இல்லை. குறைமாதக் குழந்தைக்குச் சிறப்புப் பராமரிப்புப் பிரிவினர் சொல்வதைத் தொடர வேண்டும். எடை தயங்கும் குழந்தைக்கு இரண்டும் வேண்டாம், முதலில் பால். குடும்பத்தில் மூத்த பிள்ளைக்குக் காதுத் தொற்று அடிக்கடி வந்திருந்தாலோ, குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் சளி ஓயாமல் வந்துகொண்டிருந்தாலோ, சூப்பானை ஆறு மாதத்திற்குப் பிறகு உறக்க நேரத்துக்கு மட்டும் சுருக்கி, ஓராண்டை ஒட்டி முழுதாக நிறுத்த முயல வேண்டும்.

வேலைக்குத் திரும்பும் நேரம் இந்த முடிவை மறுபடி கலைக்கும். பதினாறு வார மகப்பேறு விடுப்பு முடியும்போது குழந்தைக்கு ஏறத்தாழ நான்கு மாதம். 2026 ஏப்ரல் முதல் பத்து வாரமாக உயர்ந்த பெற்றோர் பகிர்வு விடுப்பையும் சேர்த்தால் ஆறு மாதம் வரை தள்ளிப்போகலாம். குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள் இரண்டு மாதக் குழந்தை முதல் சேர்த்துக்கொள்கின்றன. விரல் சூப்புதல் உச்சத்திலிருக்கும் அந்த நேரத்தில் குழந்தை புதிய கைகளுக்குப் போகிறது. ஒரே அறையில் பல குழந்தைகள் இருக்குமிடத்தில் சூப்பான் மாறிப்போவதற்கு வாய்ப்பு உண்டு, விரல் மாறாது. பராமரிப்பு நிலையத்துக்குப் போகும் குழந்தையின் விஷயத்தில் நான் விரலின் பக்கம் சாய்வதற்கு இது ஒரு காரணம். சூப்பான் அனுப்புவதாக இருந்தால் பெயர் ஒட்டி, மூடியுள்ள டப்பாவில், உறக்க நேரத்துக்கு மட்டும் என்று எழுதியே கொடுக்க வேண்டும். வீட்டில் பணிப்பெண் பார்த்துக்கொள்வதாக இருந்தால், குழந்தை சிணுங்கும்போதெல்லாம் சூப்பானை வாயில் வைப்பது அவருக்கு எளிதான வழியாகத் தோன்றும். அவரைக் குறை சொல்ல முடியாது, சிணுங்கல் கேட்டால் நாமும் அதைத்தான் செய்வோம். முதலில் பசி, பிறகு அரைக்கச்சை, பிறகு தூக்கம், இவற்றுக்குப் பிறகே சூப்பான் என்ற வரிசையை அவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைத்தால் சச்சரவு குறையும்.

பல்லைப் பற்றிய கவலை இந்த வயதில் பெரிதாக வேண்டியதில்லை. முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விழுவதும், மேற்பற்கள் முன்னே தள்ளுவதும், மேல்தாடை குறுகிப் பின்பற்கள் மாறிக் கடிப்பதும் எவ்வளவு காலம், எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு அழுத்தமாகச் சூப்புகிறது என்பதைப் பொறுத்தவை. விரலுக்கும் சூப்பானுக்கும் இதில் பொதுவான குற்றமே உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையே தாமாகவே நிறுத்திவிடுகின்றன, அதற்குள் நிறுத்தினால் பற்கள் பெரும்பாலும் தாமே நேராகின்றன. முதல் பல் முளைத்ததும், எப்படியும் ஓராண்டு நிறைவதற்குள், ஒருமுறை பல் மருத்துவரைப் பார்க்கும்போது குழந்தை எதைச் சூப்புகிறது, எப்போதெல்லாம் சூப்புகிறது என்பதைச் சொல்லிவைக்கலாம். மூன்று வயதைத் தாண்டியும் பகலில் சூப்பினால் அவரிடமே மறுபடி போக வேண்டும். அதற்கு முன்பே மருத்துவரிடம் காட்ட வேண்டியவை இரண்டு: நகத்தைச் சுற்றி வீங்கிச் சிவந்து சீழ் கோத்த விரலும், சூப்பிக்கொண்டே பாலை மறுக்கும் குழந்தையும்.